எஃப்-150-ஐ விட்டு மிட்சைஸ் டிரக்குக்கு மாறுவது: கதவு ஸ்டிக்கரிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்காவில் 2018 ஃபோர்டு எஃப்-150 சூப்பர்க்ரூ 4×4, 2.7 எக்கோபூஸ்ட் (ஃபோர்டின் டர்போ எஞ்சின்), 5.5 அடி பெட் (பின்னால் உள்ள திறந்த சரக்குத் தொட்டி). வீட்டில் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர். வருடத்தில் சில வாரம் 4,800 பவுண்ட் டிராவல் டிரெய்லர் இழுப்பு. மற்ற நாளெல்லாம் ஆபீஸ், பள்ளி, கடை. கராஜில் வண்டி சரியாக அடங்கவில்லை, பெட்ரோல் செலவும் உறுத்துகிறது. டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவி கொலராடோ ஆகிய மிட்சைஸ் (நடுத்தர அளவு) டிரக்குகளில் ஒன்றுக்கு மாறினால் எதை இழக்க வேண்டியிருக்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோ பேக்கேஜ் (டிரெய்லர் இழுப்பதற்கான தொழிற்சாலைப் பொருத்தங்கள்) உள்ள ரேஞ்சருக்குத் தாராளமாக மாறலாம். கொலராடோவிலும் சில டிரிம்கள் (ஒரே மாடலின் வகைகள்) ஒத்துவரும். டகோமாவின் ஆஃப்-ரோடு டிரிம்களும் ஹைப்ரிடும் இந்த டிரெய்லருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒத்துவருவது கடினம். எஞ்சினுக்கு வலு இருக்கிறது, முதுகில் சுமக்கும் கணக்குதான் இடிக்கிறது. கராஜும் பார்க்கிங்கும் உடனே சுலபமாகிவிடும். பெட்ரோலில் நீங்கள் எதிர்பார்க்கும் மிச்சம் கிடைக்காது. தினமும் கண்ணில் படப்போகும் குறை பின்சீட்டுதான்.

இழுவை எண்ணை விடுங்கள், பேலோடைப் பாருங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவைத் திறன்: ரேஞ்சர் 7,500 பவுண்ட், கொலராடோ 7,700, டகோமா 6,500 வரை. உங்கள் 4,800 பவுண்ட் டிரெய்லர் மூன்றுக்குள்ளும் வசதியாக அடங்குகிறது. பலர் இந்த இடத்திலேயே திருப்தியடைந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மிட்சைஸ் டிரக்கில் இழுவை எல்லை வருவதற்கு வெகு முன்பே பேலோடு எல்லை வந்துவிடும்.

பேலோடு என்பது டிரக் தன் முதுகில் சுமக்கும் மொத்தம். ஓட்டுநர், மனைவி, பிள்ளைகள், பெட்டில் உள்ள சாமான், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் இரும்பு, இவற்றோடு டிரெய்லர் தன் மூக்கால் ஹிட்ச் மேல் அழுத்தும் எடையும் சேரும். இந்த மூக்கு எடை டிராவல் டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். 4,800 பவுண்டுக்கு அது 480 முதல் 720 பவுண்ட்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோ அல்லது இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியது. ஒரே மாடல், ஒரே நிறம், பக்கத்தில் நிற்கும் இன்னொரு வண்டியில் சன்ரூஃப் இருந்தால் அதில் எண் குறையும். பிரசுரத்தில் டகோமாவுக்கு 1,705 பவுண்ட் வரை என்றும் ரேஞ்சருக்கு 1,805 வரை என்றும் போட்டிருப்பது மிகச் சாதகமான அமைப்புக்கு. ஷோரூமில் நிற்கும் ஆஃப்-ரோடு டகோமாக்களில் 1,100 முதல் 1,300 வரையான எண்களைப் பரவலாகப் பார்க்கலாம். அடிப்பக்கத் தகடு, கனமான டயர், ஹைப்ரிட் பேட்டரி என்று தொழிற்சாலை ஏற்றும் ஒவ்வொன்றும் உங்கள் பங்கிலிருந்துதான் கழிகிறது.

இப்போது உங்கள் கணக்கு. நால்வர் 500 பவுண்ட், பெட்டில் கூலர், ஜாக், கட்டைகள், சைக்கிள் 120, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (மூக்கு எடையை முன் சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் பார்கள் மூலம் பகிர்ந்துவிடும் ஹிட்ச்) 90, மூக்கு எடை 12 சதவீதம் வைத்தால் ஏறத்தாழ 580. மொத்தம் 1,290. 1,150 ஸ்டிக்கர் உள்ள டகோமாவில் இது 140 பவுண்ட் அதிகம். 1,600 ஸ்டிக்கர் உள்ள ரேஞ்சரில் 80 சதவீதத்தில் நிற்கிறது. பிள்ளைகள் சில வருடத்தில் ஆளுக்கு 50 பவுண்ட் கூடுவார்கள் என்பதையும் சேர்த்தால், ஸ்டிக்கர் 1,500-க்குக் குறைந்த எந்த வண்டியையும் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின் ஸ்பிரிங்குக்கு உதவியாக ஏர்பேக் (காற்றுப் பை) போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான புதிய டபுள்கேப் (நாலு கதவு) டகோமாக்களில் பின்பக்கம் காயில் ஸ்பிரிங். காயிலுக்குள்ளேயே நுழைக்கும் காற்றுப் பைகள் கிடைக்கின்றன. பின்பக்கம் தாழ்வதை அவை நிமிர்த்தும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் நிற்கும். ஆனால் ஆக்ஸில், பிரேக், டயர், சட்டம் எதுவும் மாறவில்லை. ஸ்டிக்கர் எண் ஒரு பவுண்ட்கூட ஏறாது.

மாறுவதற்கு முன் பழைய வண்டியை எடை போடுங்கள்

மேலே நான் போட்டது ஊகக் கணக்கு. உங்களிடம் இப்போது எஃப்-150-ம் டிரெய்லரும் கையில் இருக்கும்போதே உண்மை எண்ணை எடுத்துவிடலாம். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடைக்குப் போங்கள். வெய் மை டிரக் செயலி வழியே வண்டியில் இருந்தபடியே எடைச்சீட்டைப் பெறலாம்.

பயணத்துக்குப் போவது போலவே முழு டேங்க், குடும்பம், சாமான் எல்லாம் ஏற்றிக்கொள்ளுங்கள். டிரக் ஸ்டாப்பின் ஓரத்தில் நிறுத்தி வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் பார்களைத் தளர்த்திவிட்டு, மெதுவாக மேடையில் ஏறுங்கள். முன் ஆக்ஸில் முதல் பலகையில், பின் ஆக்ஸில் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். அடுத்து டிரெய்லரை ஓரமாகக் கழற்றி நிறுத்திவிட்டு, அதே ஆட்களோடு டிரக்கை மட்டும் மறுபடி ஏற்றுங்கள். முதல் சீட்டில் முன், பின் ஆக்ஸில்களின் கூட்டுத்தொகையிலிருந்து இரண்டாவது சீட்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது உண்மையான மூக்கு எடை. பார்கள் இறுக்கமாக இருந்தால் எடையில் ஒரு பகுதி டிரெய்லர் சக்கரத்துக்குப் போய்விடும், அதனால்தான் தளர்த்தச் சொன்னேன்.

பேலோடில் எவ்வளவு செலவாகிறது என்று அறிய இன்னொரு கழித்தல். கதவுத் தூணிலேயே வண்டியின் மொத்த எடை வரம்பு ஜிவிடபிள்யூஆர் என்று போட்டிருக்கும். உதாரணத்துக்கு அது 6,600, மஞ்சள் ஸ்டிக்கர் 1,620 என்றால் உங்கள் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோதைய எடை 4,980. மேடையில் டிரெய்லரோடு டிரக்கின் இரண்டு ஆக்ஸில்கள் 6,270 காட்டினால் நீங்கள் பயன்படுத்துவது 1,290. புதிய டிரக்கின் ஸ்டிக்கரில் தேட வேண்டிய எண் இதுதான், மேலே 15 முதல் 20 சதவீதம் இடைவெளியோடு. எஃப்-150-இல் பின்னால் சேர்த்த பெட் கவர், படிகள் எல்லாம் இந்தக் கணக்கில் தானாகவே வந்துவிடும். பெட்டின் மேல் மாட்டும் கூரையான ஃபைபர்கிளாஸ் டாப்பர் மட்டுமே 150 முதல் 200 பவுண்ட் வரும் என்பதால், புதிய வண்டியில் எதை மாட்டப்போகிறீர்கள் என்பதை யோசித்து எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எண் கொஞ்சமாக இடித்தால் டிரெய்லர் மூக்கிலேயே சில பவுண்டுகளைக் குறைக்க வழி உண்டு. நிரம்பிய 20 பவுண்ட் புரோப்பேன் சிலிண்டர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 37 பவுண்ட். வார இறுதிப் பயணத்துக்கு ஒன்று போதும். இரண்டு லெட்-ஆசிட் பேட்டரிகளை எடுத்துவிட்டு ஒரு 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் வைத்தால் 80 பவுண்டுக்கு மேல் இறங்கும். நல்ல தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்ட், 30 கேலன் தொட்டி 250 பவுண்ட். அதை முகாம் போய்ச் சேர்ந்தபின் நிரப்பினால் மொத்த எடையே குறையும், மூக்கில் என்ன மாறும் என்பது தொட்டி ஆக்ஸிலுக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்தது. எதைச் செய்தாலும் மூக்கு எடையை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். பேலோடு தப்பிக்கிறதே என்று கனமான சாமானை டிரெய்லரின் வாலில் அடுக்குவது மிக ஆபத்தான குறுக்குவழி.

டிரெய்லரோடு சாலையில் என்ன மாறும்

எஃப்-150-இன் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) 145 இன்ச். ரேஞ்சர் 128.7, கொலராடோ 131.4, டகோமா 131.9. டிரக்கின் எடையும் பல நூறு பவுண்ட் குறையலாம். பக்கத்தில் 18 சக்கர லாரி கடக்கும்போது டிரெய்லரின் சுவரில் மோதும் காற்று, ஹிட்ச் வழியாக டிரக்கின் வாலைத் தள்ளும். நீளமான, கனமான டிரக் அந்தத் தள்ளலை விழுங்கிக்கொள்ளும். குட்டையான டிரக்கில் ஸ்டியரிங்கில் கை உணரும். அதனால் ஸ்வே கன்ட்ரோல் (வால் ஆட்டத்தை அடக்கும் அமைப்பு) உள்ள ஹிட்ச்சை இங்கே கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், வேகத்தை 60, 65 மைலுக்குள் வையுங்கள். டிரெய்லர் டயர்களின் காற்றழுத்தத்தைப் புறப்படும் முன் குளிர்ந்த நிலையில் பாருங்கள்; அழுத்தம் குறைந்த டயர் ஆட்டத்தை அதிகமாக்கும்.

இழுவை எண்கள் எஸ்ஏஇ ஜே2807 என்ற தரப்படி அளக்கப்படுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றத்தில் 11.4 மைல் தூரம், கடும் வெயிலில், ஏசி ஓடிக்கொண்டிருக்க ஏற வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. எஞ்சினும் குளிரூட்டியும் தாங்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் உங்கள் டிரெய்லரின் முகம் 8 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட சுவர். பல டிரக்குகளின் கையேட்டில் இழுவை எண்ணோடு டிரெய்லரின் முன்முகப் பரப்புக்கும் ஒரு சதுர அடி வரம்பு இருக்கும். விற்பனையாளர் அதைச் சொல்ல மாட்டார். கையேட்டின் டோயிங் அத்தியாயத்தில் நீங்களே தேடிப் படியுங்கள். தாழ்வான படகு டிரெய்லருக்கும் சுவர் போன்ற டிராவல் டிரெய்லருக்கும் எடை ஒன்றாக இருந்தாலும் இழுக்கும் பாடு வேறு.

எஞ்சின் விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. புதிய ரேஞ்சரை 2.7 எக்கோபூஸ்ட் வி6 எஞ்சினோடும் வாங்கலாம்: 315 குதிரைத்திறன், 400 பவுண்ட்-அடி முறுக்கு விசை. உங்கள் 2018 எஃப்-150-இல் இருப்பதும் இதே 2.7 குடும்பம்தான், 325-ம் 400-ம். இரண்டிலும் 10 கியர் ஆட்டோமேட்டிக். அடிப்படை 2.3 எஞ்சின் 270 குதிரைத்திறன், 310 பவுண்ட்-அடி. அது இழுக்கும், ஆனால் மலை ஏற்றத்தில் அதிக ஆர்பிஎம்மில் முனகிக்கொண்டே இழுக்கும். கொலராடோவின் 2.7 டர்போமேக்ஸ் நாலு சிலிண்டர் என்றாலும் 430 பவுண்ட்-அடி தருகிறது, ஏற்றங்களில் அது தெரியும். டகோமாவின் 2.4 டர்போ பெரும்பாலான டிரிம்களில் 278 குதிரைத்திறன், 317 பவுண்ட்-அடி. ஹைப்ரிடில் 326-ம் 465-ம். ஆக வலுவில் டகோமா ஹைப்ரிட் முதலிடம், சுமக்கும் எண்ணில் பின்னால். இந்த முரணைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

டேங்க் அளவையும் மறந்துவிடாதீர்கள். டிராவல் டிரெய்லரோடு கேலனுக்கு 10 மைல் கிடைத்தால் நல்லது. ரேஞ்சர், டகோமா இரண்டிலும் டேங்க் 18 கேலனை ஒட்டியது. கொஞ்சம் இருப்பு வைத்தால் 140, 150 மைலுக்கு ஒருமுறை டிரெய்லரோடு பெட்ரோல் பங்குக்குள் நுழைய வேண்டும். கொலராடோவில் 21 கேலனுக்கு மேல் பிடிக்கும். உங்கள் எஃப்-150-இல் விருப்பத் தேர்வான 36 கேலன் டேங்க் இருந்திருந்தால் இந்த மாற்றம் முதல் நீண்ட பயணத்திலேயே வலிக்கும். மேற்கு டெக்சாஸ், நெவாடா போன்ற இடங்களில் பங்குகளுக்கு இடையே உள்ள தூரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டிவரும்.

டோ பேக்கேஜ் உண்மையில் இருக்கிறதா

டோ பேக்கேஜ் இல்லாத ரேஞ்சரின் இழுவை எல்லை 3,500 பவுண்ட் மட்டுமே. பின்னால் ஹிட்ச் நுழையும் ரிசீவர் சட்டம் தெரிகிறது என்பதால் எல்லாம் இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். குனிந்து பாருங்கள்: தட்டையான 4 பின் இணைப்பு மட்டும் இருந்தால் அதில் டிரெய்லர் பிரேக்குக்கான கம்பியே கிடையாது. வட்டமான 7 பின் இணைப்பு வேண்டும். உள்ளே டேஷ்போர்டில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். 7 பின் இருந்தும் கன்ட்ரோலர் இல்லாத வண்டிகள் உண்டு. இல்லாவிட்டால் வெளியே வாங்கிப் பொருத்தலாம். எத்தனை பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிபோர்னியாவில் 1,500, டெக்சாஸில் 4,500, பல மாநிலங்களில் 3,000. உங்கள் 4,800 பெரும்பாலான மாநிலங்களில் வரம்புக்கு மேலேதான்.

கண்ணாடிகள் இன்னொரு விஷயம். டிரெய்லர் 8 அடி அகலம். மிட்சைஸ் டிரக்கின் பக்கக் கண்ணாடிகள் அதன் ஓரத்தைத் தாண்டிப் பின்னால் பார்க்காது. மாட்டிக் கழற்றும் நீட்டிப்புக் கண்ணாடிகளை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பின்சீட்டு

உங்கள் வண்டியில் பின்சீட்டு கால் இடம் 43.6 இன்ச். கொலராடோ 34.7, ரேஞ்சர் 34.6, டகோமா டபுள்கேப் 33.7, நிசான் ஃபிரன்டியர் 33.2. ஒன்பது, பத்து இன்ச் குறைவு என்பது காகிதத்தில் சிறிதாகத் தெரியும். முன்சீட்டில் ஆறடி ஆள் உட்கார்ந்தால் பின்னால் பத்து வயதுப் பையனின் முழங்கால் சீட்டின் முதுகில் இடிக்கும். பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை வைக்க வேண்டியிருந்தால் அதற்கு முன்னால் உள்ள பயணி டேஷ்போர்டை நோக்கி நகர்ந்தாக வேண்டும். மூன்று குழந்தை இருக்கைகளை வரிசையாக வைக்கும் எண்ணமே வேண்டாம்.

மிட்சைஸிலேயே இடம் வேண்டுமென்றால் ஹோண்டா ரிட்ஜ்லைன் 36.7 இன்ச், ஜீப் கிளாடியேட்டர் 38.3 இன்ச் தருகின்றன. ஆனால் ரிட்ஜ்லைனின் இழுவை எல்லை 5,000 பவுண்ட். உங்கள் டிரெய்லர் அந்த எல்லையின் உதட்டில் நிற்கும், அது எனக்குச் சம்மதமில்லை.

குழந்தை இருக்கையின் மேல்பட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல பிக்கப்களில் சீட்டின் முதுகுக்குப் பின்னால் துணி வளையங்கள் இருக்கும். பட்டையை ஒரு வளையத்தின் வழியே நுழைத்து, பக்கத்து இருக்கைக்குப் பின்னால் உள்ள வளையத்தில் கொக்கியை மாட்ட வேண்டும். காரில் மாட்டுவது போல நேராக மாட்டினால் சரியாக இறுகாது. இரு கையேடுகளையும், டிரக்குடையதையும் இருக்கையுடையதையும், திறந்துவைத்துக்கொண்டு ஒருமுறை பொறுமையாகச் செய்யுங்கள். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போதே பிள்ளைகளையும் அவர்களின் இருக்கைகளையும் எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பது நல்லது.

டகோமா ஹைப்ரிடில் பேட்டரி பின்சீட்டின் அடியில் இருப்பதால், அங்கே சாமான் வைக்கும் இடமும் போய்விடுகிறது.

கராஜ், பார்க்கிங், பெட்ரோல்

உங்கள் டிரக்கின் நீளம் 232 இன்ச், அதாவது 19 அடி 4 இன்ச். கராஜின் ஆழம் 20 அடி என்றால் கதவு மூடினாலும் முன்னால் நடக்க இடமில்லை. ரேஞ்சர் 210.6 இன்ச், டகோமா, கொலராடோ 213-ஐ ஒட்டி. ஒன்றரை அடிக்கு மேல் மிச்சம். கடைகளில் பார்க்கிங் கட்டம் பெரும்பாலும் 9 அடிக்கு 18 அடி. எஃப்-150-இன் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் இவை கோட்டுக்குள் அடங்கும். அகலத்தில் கிடைப்பது மூன்று முதல் ஐந்து இன்ச். சிறிதுதான், ஆனால் பக்கத்துக் காரின் கதவு திறக்கும் இடம் அதுதான். உயரத்தைப் பொறுத்தவரை, 7 அடி கராஜ் கதவில் இரண்டு வகையும் நுழையும். டாப்பர் மேல் சைக்கிள் ரேக் போட்டால் 6 அடி 8 இன்ச் வரம்புள்ள நகரத்துப் பார்க்கிங் கட்டடங்களில் மிட்சைஸும் மாட்டிக்கொள்ளும்.

காட்டுப்பாதையில் போகிறவர்களுக்குக் குட்டை வீல்பேஸ் நிஜமான வரம்: மேட்டின் முகட்டில் வயிறு தட்டாது, கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் போய்விடலாம்.

பெட்ரோல் கணக்கு ஏமாற்றம் தரும். அரசு அளவீட்டில் உங்கள் 2.7, 4×4 எஃப்-150 நகரம், நெடுஞ்சாலை சேர்த்து கேலனுக்கு 21 மைல். ரேஞ்சர் 2.3, 4×4 தருவது 22. டகோமா 4×4 21, டகோமா ஹைப்ரிட் 23. வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டினால் 21-க்கும் 22-க்கும் இடையே மிச்சம் 26 கேலன், கேலன் 3.25 டாலர் என்றால் வருடத்துக்கு 84 டாலர். பழைய வி8, கேலனுக்கு 17 மைல் தரும் வண்டியிலிருந்து வருபவருக்கு 160 கேலன், 520 டாலர் மிச்சமாகும். அவருக்கு இந்த வாதம் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. பெட்ரோல்தான் முதல் காரணம் என்றால் ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட் 35 மைலுக்கு மேல் தரும், ஆனால் அதன் இழுவை எல்லை அதிகபட்சம் 4,000 பவுண்ட். டிரெய்லரை விற்றாக வேண்டும். விலையும் அப்படித்தான்: உயர்ந்த டிரிம் டகோமாக்கள் 60,000 டாலரைத் தாண்டுகின்றன, அந்தப் பணத்துக்கு நல்ல எஃப்-150 வரும்.

பெட்டில் என்ன அடங்கும்

8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகைதான் எளிய சோதனை. எஃப்-150-இல் சக்கர மேடுகளுக்கு இடையே 50 இன்ச் இருக்கிறது, பலகை தரையில் படுக்கும். டகோமா, கொலராடோ, ஃபிரன்டியரில் 45 இன்ச்சை ஒட்டித்தான் இருக்கும். 48 இன்ச் பலகை இறங்காது. அதற்காகப் பெட்டின் சுவரில் பள்ளங்கள் வைத்திருக்கிறார்கள். அதில் குறுக்கே மரச்சட்டங்களை வைத்தால் சக்கர மேட்டின் உயரத்தில் ஒரு தட்டு கிடைக்கும், பலகையை அதன் மேல் படுக்கவைக்கலாம். 5 அடி பெட்டும் திறந்த டெயில்கேட்டும் சேர்த்து 80 இன்ச் என்று வைத்தால் 16 இன்ச் வெளியே நீட்டும். ராட்சட் பட்டை போட்டு முன்பக்கமும் பின்பக்கமும் இறுக்குங்கள். முன்விளிம்பைக் கட்டாவிட்டால் நெடுஞ்சாலைக் காற்று பலகைக்கு அடியில் புகுந்து தூக்கிவிடும்.

எடையில்தான் கவனம் வேண்டும். 80 பவுண்ட் கான்கிரீட் மூட்டை 15 என்றாலே 1,200 பவுண்ட், ஓட்டுநரைச் சேர்த்தால் பல மிட்சைஸ்களின் ஸ்டிக்கர் அங்கேயே முடிந்தது. ஜல்லி ஒரு கன கெஜம் 2,700 பவுண்டுக்குக் குறையாது. இடம் இருக்கிறதே என்று அரை கெஜம் போடச் சொன்னாலே வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். மரத்தூள், காய்ந்த இலை உரம் போன்றவை இடத்தை அடைக்கும், எடையில் பயமில்லை.

பழைய வண்டியிலிருந்து எது கூட வரும்

குளிர்காலச் சக்கரங்கள் வராது. எஃப்-150-இன் போல்ட் வட்டம் (சக்கரப் போல்ட்களின் எண்ணிக்கையும் அவை அமையும் வட்டத்தின் விட்டமும்) 6×135 மி.மீ.; ரேஞ்சர் அதே நிறுவனத்தின் வண்டி என்றாலும் 6×139.7. டகோமாவும் 6×139.7, கொலராடோ 6×120, ஃபிரன்டியர் 6×114.3. போல்ட் வட்டம் பொருந்தினாலும் நடுத்துளை பொருந்த வேண்டும்: சில்வராடோவின் 78.1 மி.மீ. துளைச் சக்கரம் டகோமா ஹப்பில் உட்காராது. பெட் கவர், டாப்பர், தரை விரிப்பு எல்லாவற்றையும் வண்டியோடு விற்கவோ தனியாக விற்கவோ வேண்டியதுதான். தனியாக விற்றால்தான் விலை கிடைக்கும். பழைய வண்டியை டீலரிடமே கொடுக்கும் டிரேட்-இன்னில் அவற்றுக்குப் பெரும்பாலும் எதுவும் சேர்க்க மாட்டார்கள்.

2 இன்ச் ரிசீவரில் பொருந்தும் ஹிட்ச் தலை கூட வரும், ஆனால் அப்படியே மாட்டி ஓட்டாதீர்கள். ரிசீவரின் உயரம் மாறியிருக்கும், பாரங்களின் அளவும் மாறியிருக்கும். முதல் நாள் சமதளமான இடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டிரெய்லரைச் சரியான மட்டத்தில் நிறுத்தி, கப்ளரின் (பந்தைப் பற்றும் டிரெய்லர் முனையின்) உயரத்தை அளந்து, ஹிட்ச் பந்து அதே உயரத்துக்கு வருமாறு தலையை மேலோ கீழோ துளை மாற்றிப் பொருத்துங்கள். டிரக்கின் முன் மட்கார்டு விளிம்பின் உயரத்தை டிரெய்லர் மாட்டாதபோது அளந்து எழுதிக்கொள்ளுங்கள்; உதாரணமாக 36 இன்ச். டிரெய்லரை மாட்டிப் பார்களை இறுக்காமல் அளந்தால் முன்பக்கம் தூக்கி 37 ஆகும். பார்களை இறுக்கியபின் 36.5-க்கு, அதாவது ஏறிய உயரத்தில் பாதியாவது இறங்க வேண்டும். டிரக்கின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சுக்குத் தடையோ நிபந்தனையோ இருந்தாலும் அதில்தான் எழுதியிருக்கும். 36-க்கும் கீழே போகும் அளவுக்கு இறுக்கினால் பின் சக்கரங்களின் பிடிப்பு குறைந்து ஈரச் சாலையில் வால் வழுக்கும். பிரேக் கன்ட்ரோலரின் அளவையும் புதிதாக வைக்க வேண்டும்: காலியான இடத்தில் 20, 25 மைல் வேகத்தில் கையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பிறகு அதே எடைமேடைக்கு ஒருமுறை போய்வந்து, பின் ஆக்ஸில் எண்ணைக் கதவுத் தூணில் உள்ள பின் ஆக்ஸில் வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.